விளையாடத்தான் வாங்குகிறோம்

எங்கள் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்ட் என்ற சாமான் எந்த வீட்டுக்குள் வந்தாலும் “படிப்புக்கு” என்ற பெயரோடுதான் வருகிறது. “வாப்பா, ஐசிடி பாடத்துக்கு இது கட்டாயம் வேணும்” என்று மகன் சொல்வான். வாப்பாவுக்குக் கிராபிக்ஸ் கார்ட் என்னவென்று தெரியாது; படிப்பு என்னவென்று தெரியும். தான் படிக்க முடியாமல் போனது எதனால் என்றும் தெரியும். படிப்பு என்ற சொல் காதில் விழுந்தால் வவுனியாவில் எந்த உம்மாவின் வளையலும் அடகுக் கடைக்குப் போகத் தயங்காது.

நானாமாரும் தம்பிமாரும் திட்டினாலும் பரவாயில்லை என்று இதை எழுதுகிறேன். உயர்தர ஐசிடி பாடத்துக்குக் கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை. பைதன் எழுதுவது, தரவுத்தளம் அமைப்பது, எச்டிஎம்எல்லில் இணையப் பக்கம் செய்வது, தருக்கப் படலை வரைந்து பார்ப்பது எல்லாவற்றையும் பத்து வருடப் பழைய அலுவலகக் கணினியே செய்து முடிக்கும். நான் அப்படியான ஒன்றில்தான் செய்கிறேன்.

இப்போது புதிதாக ஒரு காரணமும் வந்திருக்கிறது: செயற்கை நுண்ணறிவு. 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் எல்லோரையும் தோற்கடித்த ‘அலெக்ஸ்நெட்’ என்ற நிரலை, அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி என்ற மாணவர் ஆய்வுகூடத்தில் பயிற்றவில்லை. வீட்டில், தன் படுக்கையறைக் கணினியில், இரண்டு விளையாட்டுக் கார்டுகளைக் கொண்டு பயிற்றினார். ஜிடிஎக்ஸ் 580 என்பது அந்தக் கார்டின் பெயர். இந்தக் கதை உண்மை. ஆனால் இதை வாப்பாவிடம் சொல்லிக் கார்ட் கேட்பவர் எவரும் அடுத்த நாள் அலெக்ஸ்நெட் செய்ய உட்காருவதில்லை. ஜிடிஏ விளையாடத்தான் உட்காருகிறார். உண்மையாகவே அதைப் படிக்க ஆசையுள்ள பிள்ளைக்குக் கூகிள் கோலாப் இருக்கிறது. உலாவியைத் திறந்தால் எங்கோ இருக்கும் கார்டை அளவோடு இலவசமாகப் பாவிக்கலாம். தேவையானது இணைய இணைப்பு மட்டும்.

என் கருத்து இதுதான். விளையாட்டுக்கு வாங்குகிறோம் என்றால் விளையாட்டுக்கு என்று சொல்லியே வாங்க வேண்டும். உண்மை பேசுவது நல்ல பழக்கம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால்தான் அளவாக வாங்க முடியும். படிப்புக்கு என்று வந்துவிட்டால் “எது நல்லதோ அதை எடு மகன்” என்பார் வாப்பா. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு கடையில் உள்ளதிலேயே பெரியதை எடுப்பது சுலபம். விளையாட்டுக்கு என்றால் வளையல் பெட்டியை விட்டு வெளியே வராது. வரவும் கூடாது. இருக்கும் காசுக்குள் எது நமக்குப் பொருந்தும் என்று பேனையும் கடதாசியும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டி வரும். அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுக் காட்டப் போகிறேன்.

அதற்கு முதல் இன்னொன்றும் இருக்கிறது. “பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்குடி கேம்?” என்று மாமி கேட்டார். நல்ல கேள்வி. நான் ஓட்டுவது லொறி. ‘யூரோ ட்ரக் சிமியுலேற்றர் 2’ என்று 2012இல் வந்த விளையாட்டு. சரக்கை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவின் நெடுஞ்சாலைகளில் போக வேண்டும்; சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும்; களைத்தால் உறங்க வேண்டும்; டீசல் அடிக்க வேண்டும். யாரையும் சுடுவதில்லை. எங்கள் வாப்பாவும் லொறி ஓட்டுகிறவர். ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “வளைவிலே அப்படி பிரேக்கை மிதிக்காதே, பின்பெட்டி இழுக்கும்” என்றார். மாமியின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. ஆண் பிள்ளை விளையாடினால் பொழுதுபோக்கு, பெண் பிள்ளை விளையாடினால் மட்டும் கேள்வியா?

சரி, கணக்குக்கு வருவோம்.

கிராபிக்ஸ் கார்ட் என்ன செய்கிறது என்று தெரியாத உம்மாமாருக்காக ஒரு வார்த்தை. கணினியின் பிரதான செயலி ஒரு கெட்டிக்கார ஆசிரியர் மாதிரி; எவ்வளவு கடினமான கணக்கையும் செய்வார், ஆனால் ஒரே நேரத்தில் சிலவற்றைத்தான் செய்வார். கிராபிக்ஸ் கார்ட் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 2,000 பேரைக் கொண்ட மண்டபம் மாதிரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னக் கூட்டல். எல்லோரும் ஒரே நேரத்தில் செய்து கொடுப்பார்கள். 1920க்கு 1080 என்ற திரையில் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் என்ன நிறம் என்று செக்கனுக்கு 60 தடவை கணிக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆசிரியரைவிட மண்டபம்தான் சரி.

எங்கள் வீட்டுக் கணினி, அலுவலகத்தில் பாவித்துக் கழித்து, கொழும்பு வழியாக வந்த பெட்டி. இன்டெல் ஐ5-6500 செயலி, 8 ஜிபி ரேம். வன்னியில் அநேகமான வீடுகளில் இருப்பது இதே இனம்தான் என்பதால் இதையே உதாரணமாக எடுக்கிறேன். இந்தப் பெட்டிகள் உழைக்கப் பிறந்தவை, விளையாடப் பிறந்தவை அல்ல. அது தெரிவது பின்பக்கத்தில் உள்ள பவர் சப்ளையில். எங்களுடையது 240 வாற்று. கார்டுக்கென்று தனியாக மின்சாரம் கொடுக்கும் 6 முள் அல்லது 8 முள் வயர் அதில் இல்லவே இல்லை.

கார்டைத் தெரிவு செய்பவர்கள் முதலில் யூடியூப்பில் எத்தனை ‘எஃப்பிஎஸ்’ வருகிறது என்று பார்க்கிறார்கள். சுவரிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன் நான். சுவர், பவர் சப்ளை, மதர்போட், அதற்குப் பிறகு கார்ட். மதர்போட்டில் கார்டைச் செருகும் நீண்ட துளை ஆகக் கூடியது 75 வாற்று தரும். 6 முள் வயர் இன்னொரு 75, 8 முள் வயர் 150. வயர் இல்லாத பெட்டிக்கு 75தான் எல்லை. சில ஒடுக்கமான பெட்டிகளில் அதைவிடவும் குறைவு; பெட்டியின் மாதிரி எண்ணை வைத்துக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஓர் எண் தெரிந்தாலே கடையில் உள்ள கார்டுகளில் பெரும்பாலானவை பட்டியலிலிருந்து போய்விடும். தலையிடி பாதி குறைந்துவிடும்.

நகரில் ஒரு கடையில் எங்களுக்குக் காட்டியது ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, பாவித்தது. “இந்தக் காசுக்கு இதைவிடப் பவர் எங்கேயும் கிடைக்காது தம்பி” என்று நானாவிடம் சொன்னார்கள். (கேட்டது நான். பதில் நானாவுக்கு.) பவர் என்ற வார்த்தை சரிதான், அது குடிப்பது 185 வாற்று. எங்கள் செயலிக்கு 65. இரண்டையும் கூட்டினாலே 250. மொத்தம் 240 தரும் பெட்டியில் அதைப் போடவே முடியாது. பவர் சப்ளையை மாற்றலாமே என்றால், இந்த அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் இணைப்பே வேறு மாதிரி. சாதாரண பவர் சப்ளை நேரடியாகப் பொருந்தாது. பிறகு மதர்போட், பிறகு பெட்டி என்று ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் புதுக் கணினியே வாங்கியிருப்போம். மலிவான கார்ட் என்று தொடங்கிய கதை அங்கே வந்து நிற்கும்.

அந்தக் கார்ட் ஏன் அவ்வளவு மலிவு என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. ஈதேரியம் என்ற இலத்திரனியல் நாணயத்தை உருவாக்க உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டெம்பர் 15இல் ஈதேரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. ஒரே நாளில் அந்தக் கார்டுகளுக்கு வேலையில்லாமல் போனது. அவை பாவித்த சந்தைக்கு வந்து குவிந்தன. சுரங்கத்தில் உழைத்த கார்ட் எல்லாமே பழுது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விசிறி தேய்ந்திருக்கும், வெப்பப் பசை காய்ந்திருக்கும். வைகாசி மாத வவுனியா வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, அதனிடம் இன்னும் எவ்வளவு காலம் உழைப்பு மிச்சம் இருக்கிறது என்று யார் உத்தரவாதம் தருவது? அதே பெயரில் ‘2048எஸ்பி’ என்று பின்னொட்டுள்ள ஒன்றும் இருக்கிறது. உண்மையான 580இல் 2,304 கணிப்பான்கள், அதில் 2,048. மண்டபத்தில் 256 பிள்ளைகள் குறைவு.

பெயரால் ஏமாறுவதற்கு இந்தத் துறையில் பஞ்சமில்லை. ஜிடி 1030 என்ற சின்னக் கார்ட் 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு வந்தது. அடுத்த வருடம் அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்றை விட்டார்கள். தரவு போய்வரும் வேகம் முந்தியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெட்டியில் பெயர் ஒன்றுதான்! ஆர்டிஎக்ஸ் 3050உம் அப்படியே: 2022இல் வந்த 8 ஜிபி கார்ட் 130 வாற்று, 2024இல் வந்த 6 ஜிபி கார்ட் 70 வாற்று. ஆறுக்கும் எட்டுக்கும் உள்ள வித்தியாசம் நினைவகம் மட்டும் என்று நினைப்போம். இல்லை, கணிப்பான்களும் குறைவு, வேகமும் குறைவு. ஆனால் எங்கள் மாதிரிப் பெட்டிக்கு அந்தக் குறைந்ததுதான் பொருந்துகிறது. பெரியது எங்களுக்கு வெறும் அலங்காரம்.

ஆகவே 75 வாற்றுக்குள் எங்கள் முன்னால் மிஞ்சியவை மூன்று. 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி, 75 வாற்று. சில நிறுவனங்கள் அதற்கும் 6 முள் வயர் வைத்துச் செய்திருக்கின்றன, பார்த்து வாங்க வேண்டும். 2022இன் ஆர்எக்ஸ் 6400, வெறும் 53 வாற்று. மூன்றாவது ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. ஆர்எக்ஸ் 6400ஐ நானாவுக்குப் பிடித்திருந்தது. புதிது, குறைந்த மின்சாரம். நான் வேண்டாம் என்றேன். அந்தக் கார்ட் மதர்போட்டோடு பேச நான்கு வழித்தடங்களை மட்டுமே பாவிக்கிறது. புதிய, நான்காம் தலைமுறைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் உள்ள மதர்போட்டில் அது போதும். எங்களுடையது மூன்றாம் தலைமுறை. ஒவ்வொரு தடமும் அரைவாசி வேகம். 4 ஜிபி நினைவகம் நிரம்பினால் மிகுதித் தரவு அந்த ஒடுக்கமான பாதையால்தான் போய்வர வேண்டும், படம் தட்டித் தட்டி ஓடும். புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

எங்களிடம் இருந்தது நானாவின் சம்பளத்தில் சேர்த்ததும் என் பெருநாள் காசுமாக 50,000 ரூபா. பாவித்த ஜிடிஎக்ஸ் 1650 அதற்குள் வந்தது. புதிய 3050க்கு இன்னும் தேவைப்பட்டது. மிகுதியைத் தருவதாக உம்மா சொன்னார், நான் மறுத்தேன். ஏன் மறுத்தேன் என்று மேலே எழுதிவிட்டேன். கார்டுகளின் விலையை இங்கே எழுதவில்லை. இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அது மாறியிருக்கும்.

“பொறுத்திரு, விலை குறையும்” என்பது வெளிநாட்டு யூடியூப்காரர்கள் சொல்லும் அறிவுரை. அவர்களுடைய ஊரில் அது சரியாக இருக்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதம் 360. கார்டில் ஒரு திருகாணிகூட மாறவில்லை, விலை மட்டும் எங்கேயோ போய்விட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. எங்கள் நாட்டில் பொறுத்திருப்பது எப்போதும் இலாபம் தருவதில்லை. அதற்காக அவசரப்பட்டுக் கடன்படவும் சொல்லவில்லை. கையில் காசு சேர்ந்த அன்று, அந்தக் காசுக்குள் பொருந்துவதை எடுத்துவிட்டு, பிறகு விலைப்பட்டியலைப் பார்க்காமல் இருப்பதே மனதுக்கு நல்லது.

கரண்ட் பில்லைப் பற்றிப் பெற்றோர் கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிட வேண்டும். 185 வாற்றுக் கார்டுக்கும் 75 வாற்றுக் கார்டுக்கும் வித்தியாசம் 110 வாற்று. நாளுக்கு மூன்று மணித்தியாலம், மாதம் 30 நாள் என்றால் 9.9 அலகு. பத்து அலகு பெரிதா என்று கேட்கலாம். எங்கள் பட்டியல் படிப்படியாக ஏறுவது. 60 அலகைத் தாண்டினால் ஒரு கணக்கு, 90ஐத் தாண்டினால் வேறு கணக்கு. எல்லையில் நிற்கும் வீட்டுக்கு அந்தப் பத்து அலகு பத்து அலகின் விலையோடு நிற்பதில்லை.

இன்னொன்று யூபிஎஸ். சாதாரணமாக வீடுகளில் உள்ள 650 விஏ யூபிஎஸ் 350 வாற்றுச் சொச்சம்தான் தாங்கும். சின்னக் கார்டோடு எங்கள் கணினியும் திரையும் சேர்ந்து 200 அளவில் நிற்கும். கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்ததைச் சேமித்து மூடுவதற்கு நேரம் கிடைக்கும். பெரிய கார்ட் என்றால் யூபிஎஸ் ஒரு தடவை கத்திவிட்டுப் படுத்துவிடும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியதை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டதையும் மறக்கவில்லை. அயல் வீட்டு அன்ரி, யுத்த காலத்தில் வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டதாகச் சொல்வார். எங்கள் குடும்பம் அந்த நேரம் புத்தளத்தில், ஓலைக் குடிசையில், குப்பி விளக்கில். அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள், 185 வாற்றைச் சும்மா ஒரு எண் என்று கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

திரையையும் மறந்துவிட வேண்டாம். பழைய திரைகள் பலவற்றில் நீல நிற விஜிஏ துளை மட்டும்தான் இருக்கும். இந்தக் கார்டுகளில் அது இல்லை. மாற்றி ஒன்று வாங்க வேண்டும், அதற்கும் காசு ஒதுக்க வேண்டும். திரை 1366க்கு 768 என்றால் புள்ளிகள் பத்து இலட்சத்துச் சொச்சம், பெரிய திரையின் அரைவாசி. கார்டுக்கும் வேலை அரைவாசி. 60 ஹேர்ட்ஸ் திரையில் கார்ட் செக்கனுக்கு 140 படம் தந்தாலும் கண்ணுக்கு வருவது 60தான். அந்தப் பெரிய எண்ணைக் கூட்டாளிமாரிடம் சொல்லிக்கொள்ளலாம், பார்க்க முடியாது.

காசே இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கார்ட் இல்லாத கணினியில் ஒரு ரேம் மட்டும் செருகியிருந்தால் அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அந்த ரேமைத்தான் பாவிக்கிறது. பாதை இரண்டானால் வேகம் கூடும். மைன்கிராஃப்ட் அளவுக்கு அது போதும்.

பாவித்த கார்ட் வாங்கும்போது, அது கொழும்பு யூனிட்டி பிளாசாவிலிருந்து வந்தாலும் இணைய விளம்பரத்தைப் பார்த்து வாங்கினாலும், கடையிலேயே கணினியில் போட்டு ‘ஜிபியு-இசட்’ என்ற இலவச மென்பொருளை ஓட்டச் சொல்லுங்கள். பழைய கார்டின் உள்ளெழுத்தை மாற்றிப் புதிய பெயர் சூட்டிய போலிகளை அது பெரும்பாலும் காட்டிக் கொடுக்கும். அரைமணி நேரம் ஒரு விளையாட்டை ஓடவிட்டு வெப்பநிலையைப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். அக்கா தங்கைமாரே, இதைக் கேட்க நானா வர வேண்டும் என்றில்லை.

பெற்றோரின் உண்மையான பயம் கார்ட் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். நேரம் போய்விடும், இணைய விளையாட்டில் முன்பின் தெரியாதவன் பேசுவான், இரண்டும் நியாயமான பயம். ஆனால் எங்கள் கணினி ஹோலில், உம்மா தைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதில் நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க உம்மா தலையைத் திருப்பினால் போதும். கதவைச் சாத்திக்கொண்டு போர்வைக்குள் பார்க்கும் கைபேசியை நாங்கள் கேட்டவுடன் வாங்கித் தந்தவர்கள், ஹோலில் இருக்கும் கணினிக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கு நேரம் வைத்திருக்கிறார்கள்: வெள்ளி, சனி, இஷாவுக்குப் பிறகு ஒன்றரை மணித்தியாலம். பரீட்சைக்கு மூன்று மாதம் முன்னால் அதுவும் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடம்தான் என் ஆசை என்பதால் இந்த நிபந்தனையோடு எனக்குச் சண்டை இல்லை. நானாவுக்குத்தான் கொஞ்சம் கவலை; கணினியைத் துணியால் மூடிவிடுவார்களாம்.

கார்டும் விஜிஏ மாற்றியும் வாங்கிய பிறகு மிஞ்சிய காசில் விளையாட்டு ஒன்று வாங்கலாம் என்றார் நானா. வாப்பா சுவரைப் பார்த்தார். கணினி செருகியிருக்கும் மூன்று முள் சாக்கெட்டில் மூன்றாவது துளைக்கு எர்த் வயரே கொடுக்கப்படவில்லை என்று வயரிங் பாஸ் முன்னரே சொல்லியிருந்தாராம். ஐப்பசி இடி தொடங்குவதற்குள் அதைச் சரிசெய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.